முட்டையில காது வெச்ச கடற்காகம்

கடல்ல உப்பு கலந்து ரொம்ப நாளாகாத காலத்துல, கரையிலேருந்து பாத்தாத் தெரியாத தூரத்துல ஒரு மணல்திட்டு இருந்துச்சு. மரம் கிடையாது, நெழலு கிடையாது, மனுசன் கால் பட்டதும் கிடையாது. அதனால நல்ல இடம்.

அங்க வருசா வருசம் ஆலாக்கள் வந்து முட்டை போடும். ஆலான்னா மெலிஞ்ச உடம்பு, கவட்டை வாலு, கடலுக்குள்ள ஊசி மாதிரி பாஞ்சு மீன் பிடிக்கிற வெள்ளைப் பறவை. கூடுன்னு பேருதான், ஒரு குச்சி இருக்காது. மணல்ல காலால நாலு சீய்ப்பு, நடுவுல ஒரே ஒரு முட்டை. ஒரு கூட்டுக்கும் அடுத்த கூட்டுக்கும் ஒரு கழுத்து நீட்டுற தூரம்.

அவ்வளவு கிட்டத்துல இருந்தா என்ன நடக்கும்? சண்டை நடக்கும்.

"உன் மணலு என் பக்கம் சரியுது, அள்ளிக்கோ."

"உன் வீட்டுக்காரருக்கு எச்சம் போட என் தலைதான் கெடச்சுதா?"

விடிஞ்சதுலேருந்து அடையுற வரைக்கும் இதேதான். ஆனா ஒரு வழக்கத்த மட்டும் எவளும் மீறுனதில்ல. எந்த ஓரத்துல எவ "கிர்ரீக்"னு கத்தினாலும், மொத்தத் திட்டும் எந்திரிக்கும். எதுக்கு, யாருக்குன்னு கேக்காது. வந்தவன் மண்டையில கொத்து, முதுகு பூரா எச்சம். பருந்தா இருந்தாலும் அதே மரியாதைதான்.

அந்தத் திட்டு மேல ஒரு கடற்காகத்துக்குக் கண்ணு. கடற்காகம்னா நம்ம கூரைக் காக்கா அளவுன்னு நெனச்சுராதீங்க. வாத்து மாதிரி உடம்பு, ஒரு முட்டைய முழுசா முழுங்குற தொண்டை. மூஞ்சியப் பாத்தா மட்டும் ரொம்ப நல்லவரு.

மொத தடவ பறந்து வந்துச்சு. கொத்து வாங்கிட்டுப் போச்சு. ரெண்டாந் தடவ மச்சானக் கூட்டிக்கிட்டு வந்துச்சு. ரெண்டு பேருமா வாங்கிட்டுப் போனாங்க. மூணாந் தடவ பறக்கவே இல்ல. தண்ணியோரமா நடந்து வந்துச்சு. லேசா நொண்டிக்கிட்டு.

"கிர்ரீக்." மொத்தத் திட்டும் எந்திரிச்சுது.

கடற்காகம் ஓடல. தலைய மட்டும் குனிஞ்சுக்கிச்சு. "அடிங்க தாயி, நல்லா அடிங்க. ஆனா கீழ பாத்தீங்களா? வெயில்ல முட்டையெல்லாம் வெந்துக்கிட்டுக் கெடக்கு. இந்தக் கெழவன் ஒருத்தனுக்காக இத்தனை உசுரா?"

அது பொய்யில்ல, கேட்டுக்கோங்க. உச்சி வெயில்ல தாய் எந்திரிச்சா முட்டை சுடும். வருசத்துக்கு அஞ்சாறு அப்பிடித்தான் போகும். பொய்யச் சொல்லியிருந்தா ஆலாக்கள் நம்பியிருக்காது. உண்மையச் சொல்லுச்சு, நம்பிருச்சுங்க.

"எனக்கு நல்ல முட்டை வேண்டாம். உங்கள்ல எத்தன பேரு கூமுட்டைன்னு தெரியாம நாள்கணக்கா உக்காந்திருக்கீங்க? எனக்குக் காது கொஞ்சம் சுத்தம். வெச்சுக் கேட்டுச் சொல்றேன். கெட்டது எனக்கு, நல்லது உங்களுக்கு."

மொத முட்டையில காது வெச்சுது. "கூமுட்டை." ஒடச்சுக் காட்டுச்சு. நாத்தம் திட்டு முழுக்க அடிச்சுது. நெசமாவே கூமுட்டை.

ரெண்டாவது முட்டையில காது வெச்சுது. "நல்லா வளருது தாயி. பொட்டப்புள்ள." தொடாம நகந்துருச்சு. ஆலாக்களுக்குக் கண்ணு கலங்கிப்போச்சு.

மூணாவது முட்டையில காது வெச்சுது. "கூமுட்டை." ஒடைக்கல. முழுசா முழுங்குச்சு. முழுங்குனா நாத்தம் எங்கேருந்து வரும்? நாத்தம் ஏன் வரலன்னு எவளும் கேக்கல.

அன்னையிலேருந்து அது கடற்காகம் இல்ல, அண்ணாச்சி. அண்ணாச்சி வந்தா எந்திரிக்கக் கூடாதுன்னு ஆச்சு. அப்புறம், "கொஞ்சம் சத்தம் போடாம இருந்தீங்கன்னா எனக்குக் கேக்க வசதியா இருக்கும்"னு அண்ணாச்சி சொன்னாரு. அண்ணாச்சி முட்டையில காது வெச்சா எவளும் வாயத் தொறக்கக் கூடாதுன்னும் ஆச்சு. கடல் சத்தத்த மீறிச் சண்டை போட்ட திட்டு, கப்சிப்.

திட்டோட ஓரத்துல வரிசையாக் கூமுட்டை ஆச்சு. பறிகொடுத்தவ அழுதா, நடுவுல இருக்கறவ ஆறுதல் சொல்லுவா. "உன் சூடு பத்தலடி. எப்பப் பாத்தாலும் மீனுக்கு அலையுற. என்னையப் பாரு, அசையுறேனா?"

ஓரத்துல மிச்சமிருந்தவ குறுவாலி. வாலு கொஞ்சம் கட்டை, அதனால அந்தப் பேரு. அவ முட்டைக்கு அன்னைக்கு இருவத்தோராவது நாளு. நாளைக்கு ஓடு விரியணும். உள்ளேருந்து குஞ்சு "கீ... கீ"ங்குது, காலால ஒதைக்குது.

அண்ணாச்சி தூரத்துல வர்றதப் பாத்துட்டா. ஓடிப்போயி மூணு பேரக் கூட்டிக்கிட்டு வந்தா.

பக்கத்துக் கூட்டுச் செவ்வலகி காது வெச்சா. "ஏ ஆத்தா, என்னமா கத்துது."

மேட்டுக் கூட்டுக்காரி காது வெச்சா. "என் மூஞ்சியிலயே ஒதைக்குதுடி."

திட்டுலயே மூத்த ஆலா காது வெச்சாரு. "உசுருள்ள முட்டை. நாளைக்கு விடியல்ல வெளிய வந்துரும்."

அண்ணாச்சி வந்தாரு. குனிஞ்சாரு. திட்டே அமைதி. அந்த அமைதியில குஞ்சு சத்தம் கடைசிக் கூடு வரைக்கும் கேட்டுச்சு. கீ.

அண்ணாச்சி நிமுந்தாரு. "கூமுட்டை."

"அண்ணாச்சி, மூணு பேரு கேட்டிருக்காங்க. இந்தா நிக்கிறாங்க, கேளுங்க"ன்னா குறுவாலி.

அண்ணாச்சி கோவப்படல. செவ்வலகி பக்கம் மெதுவாத் திரும்புனாரு. "அப்பிடியா தாயி? உன் முட்டை எப்பிடி இருக்கு? நான் ஒரு தடவ கேட்டுரட்டுமா?"

செவ்வலகி தன் முட்டை மேல போயி உக்காந்துக்கிட்டா. "எனக்குக் காது கொஞ்சம் மந்தம் அண்ணாச்சி."

மேட்டுக்காரி அவரு கேக்குறதுக்கு முந்தியே சொல்லிட்டா. "காத்து அடிச்சுது. அந்தச் சத்தமாயிருக்கும்."

மூத்தவரு தொண்டையச் செருமுனாரு. "அண்ணாச்சிக்குத் தெரியாததா?"

குறுவாலி தனியா எந்திரிச்சா. "கிர்ரீக்." கத்துனா, கொத்துனா, திரும்பத் திரும்பக் கத்துனா. ஒத்த ஆலா கொத்து அண்ணாச்சிக்குச் சொறிஞ்சு விட்ட மாதிரி. அவரு முட்டைய எடுத்தாரு, அண்ணாந்தாரு, முழுங்குனாரு. தொண்டையில எறங்கும்போதும் கீ, கீன்னு ரெண்டு தடவ கேட்டுச்சு.

எல்லாருக்கும் கேட்டுச்சு. எல்லாரும் அமைதியா இருந்தாங்க. அண்ணாச்சிக்குக் கேக்க வசதியா இருக்கணும்ல.

குறுவாலி கூடு காலியாச்சு. இப்ப ஓரம் யாரு? செவ்வலகி.

மறுநாள் செவ்வலகி கத்துனா. குறுவாலிக்குக் கேட்டுச்சு. நேத்து மந்தமான காது ஞாபகத்துக்கு வந்துச்சு. ஆனாலும் எந்திரிச்சுப் போனா. ரெண்டு பேருமாக் கொத்துனாங்க. ரெண்டு பேரு பத்தல. அதுக்கு மறுநாள் மேட்டுக்காரி கத்துனா. மூணு பேரு போனாங்க. மூணு பேரும் பத்தல.

இப்பிடியே தெனமும் பறிகொடுத்தவங்க கூட்டம் பெருசாச்சு. முட்டை வெச்சிருக்கவங்க எவளும் எந்திரிக்கல. "சூடு போயிரும்"னாங்க. கடைசியா நட்டநடுவுல ஒரு முட்டை மிஞ்சுச்சு. அதையும் அண்ணாச்சி எடுத்தாரு. அந்தத் தாயும் கத்துனா.

அப்பத்தான் மொத்தத் திட்டும் எந்திரிச்சுது. வானமே வெள்ளையாப் போச்சு. மண்டையில கொத்து, முதுகு பூரா எச்சம். அண்ணாச்சிய அடிச்சு வெரட்டிட்டாங்க. அவருக்கு வருத்தமில்ல. வயிறு நெறஞ்சிருச்சு, காத்தும் தெச மாறிருச்சு, எப்பிடியும் கெளம்புற நேரந்தான்.

ஆலாக்கள் ஜெயிச்ச சந்தோசத்துல மூணு சுத்து சுத்திட்டுக் கீழ எறங்குச்சுங்க. எறங்கிப் பாத்தா வெறும் மணலு. எந்தக் குழி யாரோடதுன்னு அடையாளம் தெரியல. சண்டை போடவும் ஆளுக்கு ஒரு காரணம் இல்ல. குறுவாலி மட்டும் ஒரு குழியில போயி உக்காந்தா. அவ குழியான்னு அவளுக்கே தெரியாது.

இதுலேருந்து தெரிஞ்சுக்க வேண்டியது இதுதான்: திங்க வந்தவனையே தீர்ப்பு சொல்ல வெச்சு, பக்கத்துல இருக்கறவ கத்தும்போது வாயப் பொத்திக்கிட்டா, பின்னால எத்தன பேரு ஒண்ணாச் சேந்தாலும் காப்பாத்துறதுக்கு ஒண்ணும் மிஞ்சாது.