வெள்ளைக் கல்லில் நின்ற உருண்டி

உருண்டிகளுக்கு அறிவே கிடையாது என்பது பரவலான நம்பிக்கை. இந்தப் பிழை இனியும் நீடிக்கக் கூடாது. உருண்டிகளுக்கு அறிவு உண்டு. சரியாகப் பதினேழு வரி.

அந்தப் பதினேழு நிரல் வரிகளையும் எழுதியவர் தமயந்தி. உருண்டிகள் வாழ்வது, தக்கலையில் ஒரு மாடியறையில் நாலு பேர் சேர்ந்து செய்த கணினி விளையாட்டில். ஜெயிப்பது, தோற்பது எதுவும் அதில் இல்லை. மண்ணைத் தோண்டலாம். வீடு கட்டலாம். அங்கே திரியும் பிராணிகளை என்ன வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம். உருண்டி அப்படி ஒரு பிராணி. பூசணிக்காய் பருமன், இரண்டு கால், கழுத்து கிடையாது.

விளையாடுகிறவர்கள் தமயந்தியை ஆசான் என்றார்கள். கேலியாகத் தொடங்கியது, பழகிவிட்டது.

ஒரு சனிக்கிழமை மாலை, விளையாட்டுக்குள் ஆசான் தன் முள்ளங்கிப் பாத்தியைக் கொத்திக்கொண்டிருந்தார். ஜெபசிங் வந்து வரப்பில் நின்றார். கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவர், வயது ஐம்பத்தாறு. இருபத்தொன்பது வயது ஆசானிடம் பேச, தன் வீட்டில் காதில் மாட்டியிருந்த கருவியைச் சரிசெய்துகொண்டார்.

"ஆசானே, உருண்டிக்கு வலிக்குமா?"

"வலிக்கு நான் வரி எழுதலையே, சாரே."

"அப்போ நான் செஞ்சதுல தப்பில்லை."

"இல்லை."

ஜெபசிங் போகவில்லை.

அவர் செய்தது ஆராய்ச்சி. உருண்டியின் தலையில் பானையைக் கவிழ்த்தால் பின்னோக்கி நடக்கும். மூன்று விளக்குக்கு நடுவில் விட்டால் தும்மும். மழையில் மட்டும் உட்காராது. ஒவ்வொன்றையும் அட்டவணை போட்டு, அடிக்குறிப்போடு, விளையாடுகிறவர்களின் இணையக் குழுவில் வெளியிடுவார். குழு விழுந்து விழுந்து சிரிக்கும்.

ஆய்வில் பாசம் கலக்கக் கூடாது என்று பிராணிகளுக்குப் பெயர் வைக்காமல் எண் வைத்திருந்தார். ஏழாம் எண் உருண்டியை மலை விளிம்பில் ஒரு வெள்ளைக் கல்மேல் நிறுத்தித் தள்ளிவிட்டார். அது சாகவில்லை. நொண்டிக்கொண்டே ஏறி வந்தது. ஒரு முள்ளங்கி கொடுத்தார். மறுபடி தள்ளினார். நாற்பது முறை. நாற்பது முறையும் வந்தது.

"அதுக்கப்புறம்?" என்றார் ஆசான், கொத்துவதை நிறுத்தாமல்.

"நாற்பத்தொண்ணாவது தடவை நான் போறதுக்கு முன்னாலேயே அது கல்லுமேல ஏறி நின்னுது. முதுகை எனக்குக் காட்டிக்கிட்டு."

"ம்."

"'சாருக்கு ஏத்தி நிறுத்துற வேலை மிச்சம்'னு குழுவுல எழுதினாங்க. நானும் சிரிச்சேன், ஆசானே. நல்லாவே சிரிச்சேன். நாளைக்கு அஞ்சு மணிக்கு எல்லார் முன்னாலும் செஞ்சு காட்டுறேன்னு அறிவிச்சும் விட்டேன்."

"தள்ளினீங்களா?"

"நாற்பத்தொண்ணாவதா?"

"ஆமா."



"தள்ளினேன். ஏறி வந்ததும் வழக்கம்போல முள்ளங்கியும் கொடுத்தேன்."

ஆசான் ஒரு களையைப் பிடுங்கி ஓரமாகப் போட்டார்.

"முள்ளங்கி எங்கே கிடைச்சுதோ, அங்கே போய் நிக்கும். பன்னிரண்டாவது வரி."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"என்னை நம்பி நிக்கலையா?"

"நம்பிக்கைக்கெல்லாம் வரி எழுத நேரம் இல்லை, சாரே. நாங்க நாலே பேரு."

"அதுக்கு ஒண்ணும் தெரியாது."

"ஒண்ணும் தெரியாது."

ஜெபசிங் மூச்சு விட்டார். ஆனாலும் வரப்பிலேயே நின்றார். முப்பது வருடம் தவளை அறுத்தவர். ஒன்றுக்கும் வருந்தியது கிடையாது.

"அந்த உருண்டியை அழிச்சிட முடியுமா, ஆசானே?"

"ஒரு பட்டன். அழிக்கட்டுமா?"

"அழிச்சா எல்லாம் சரியாயிடும் இல்லையா?"

"உருண்டிக்கு இப்பவே எல்லாம் சரியாத்தான் இருக்கு."

ஜெபசிங்கின் உருவம் பாத்தியைச் சுற்றி ஒருமுறை நடந்து, பழைய இடத்துக்கே வந்தது.

"என்னை நாலு வார்த்தை திட்டுங்களேன்."

"எதுக்கு? அதுக்குத்தான் ஒண்ணும் தெரியாதே."

"எனக்குத் தெரியுமே," என்றார் ஜெபசிங்.

ஆசானின் மண்வெட்டி நின்றது.

பிறகு குனிந்து ஒரு முள்ளங்கியைப் பிடுங்கினார். இன்னொன்று. இன்னொன்று. ஜெபசிங்கின் காலடியில் குவித்துக்கொண்டே போனார். பாத்தியில் பாதி காலியானது.

"இத்தனையும் எதுக்கு?"

"கல்லுக்கிட்ட நாற்பத்தொரு தடவை கொடுத்தீங்க. வேற இடத்துல நாற்பத்திரண்டு தடவை கொடுத்தா அது கல்லை விட்டுரும். ஒண்ணொண்ணாக் கொடுக்கணும். மொத்தமாப் போட்டா கணக்கில்லை."

"ஒரு தடவை தின்னு முடிக்க எவ்வளவு நேரம்?"

"அரை மணி. அவசரப்படுத்தாதீங்க, துப்பிரும்."

ஞாயிறு ஐந்து மணிக்கு நாற்பத்து மூன்று பேர் மலையுச்சியில் கூடினார்கள். வெள்ளைக் கல் காலியாக இருந்தது. அடிவாரப் புல்வெளியில் ஜெபசிங் ஏழாம் எண் உருண்டியின் எதிரே உட்கார்ந்து, அது தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்ப சார் தள்ளுவீங்க?" என்று ஒருவர் எழுதினார்.

"இது பதினாறாவது முள்ளங்கி," என்று ஜெபசிங் எழுதினார்.

கால் மணி நேரம் எல்லோரும் பார்த்தார்கள்.

அன்று மாலை, இனிச் சிரிக்க ஒன்றும் இல்லையென்று குழுவிலிருந்து பதினெட்டுப் பேர் விலகினார்கள்.