மகள் ஊட்டிய காய்ச்சல்

நாற்பத்தொன்பது வயதில் மேல்படிப்புக்கு வந்த டாக்டர் ஞானதிரவியத்துக்கு ஆசிரியையாக வாய்த்தவர் டாக்டர் மெஹராஜ் பானு. இவரைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் வார்டில் மேடத்துக்குப் பின்னால் இவர் நடக்கிற நடையைப் பார்க்கணுமே, அப்படியொரு பயபக்தி!

அன்று கட்டிலில் படுத்திருந்தவர் பந்தல் போடும் சுடலைமுத்து. முப்பத்தெட்டு வயசு. விடாத காய்ச்சல், கழுத்தெல்லாம் கட்டி, எழுந்து நிற்கத் தெம்பில்லை. "புற்றுநோயோ என்னவோ" என்று அவர் காதுபடவே ஞானதிரவியம் சொல்லித் தொலைத்திருந்தார். அதிலிருந்து மனுஷன் சோற்றைத் தொடவில்லை.

"கட்டியில கொஞ்சம் வெட்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பிரலாமா, மேடம்?"

"மோனோ பார்த்தீங்களா, சார்?"

எச்சில் வழியாகத் தொற்றுகிற ஒரு வைரஸ் காய்ச்சலுக்கு அந்தப் பேர்.

"காய்ச்சல் வந்த புதுசுலயே பார்த்தாச்சு. இல்லைன்னு வந்துச்சு. அது காலேஜ் பிள்ளைகளுக்கு வர்றதாச்சே. இந்த வயசுல எதை வெச்சுச் சந்தேகப்படுறது?"

மேடம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, வீட்ல சின்னப் பிள்ளை உண்டா?"

சுடலைமுத்துவின் முகம் மலர்ந்தது. "ஒரு மக இருக்கா. ரெண்டு வயசு. எதைக் குடுத்தாலும் பாதியைக் கடிச்சிட்டு மீதியை என் வாயிலதான் வைப்பா. வேண்டாம்னா அழுது ஊரைக் கூட்டிருவா."

"நீங்க?"

"தின்னுருவேன். பின்னே?"

மேடம் சிரித்துவிட்டார். சுடலைமுத்துவின் இடது விலாவுக்குக் கீழே மெல்ல அழுத்திப் பார்த்தார். மண்ணீரல் வீங்கியிருந்தது.

"மறுபடி மோனோ டெஸ்ட் அனுப்புங்க, சார். ஆரம்பத்துல இல்லைன்னு வர்றது உண்டு. ரத்தத்தை மைக்ராஸ்கோப்லயும் பார்க்கச் சொல்லுங்க."

மறுநாள் முடிவு வந்தது. ஞானதிரவியம் தொந்தியைத் தூக்கிக்கொண்டு வார்டுக்கு ஓடினார்.

"அண்ணாச்சி! மோனோதான்! புற்றுநோய் இல்லை! தானா சரியாயிரும். மண்ணீரல் வீக்கம் வடியுற வரைக்கும் கனமா எதையும் தூக்காதீங்க, அவ்வளவுதான்!"

சுடலைமுத்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார். வார்டே கைதட்டியது. டாக்டருக்கும் கண் நிறைந்துவிட்டது.

சாயங்காலம் அம்மா இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கிய மகள் கட்டிலில் ஏறி, கடித்த பிஸ்கட்டை அப்பா வாய்க்கு நேரே நீட்டினாள்.

"ஐயையோ, எச்சில்!" ஞானதிரவியம் பாய்ந்து தடுக்கப் போனார்.

மேடம் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பதறாதீங்க, சார். சின்னப் பிள்ளைகளுக்கு இது வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. குடுக்க வேண்டிய காய்ச்சலை அவ குடுத்து முடிச்சாச்சு. இனிமே குடுக்கிறது வெறும் பிஸ்கட்தான். அண்ணாச்சி, வாயைத் திறங்க."