மைனா கேட்ட வழக்கு

அந்தக் காலத்தில், பறவையும் விலங்கும் வாய்விட்டுப் பேசித் திரிந்தபோது, வழக்கு என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான். நெடுநாளாக வழங்கி வருவது வழக்கு. இரண்டு பேர் முட்டிக்கொண்டால் அதற்குத் தகராறு என்று பேர். காலையில் ஒரு நியாயம், மாலையில் ஒரு நியாயம். வாய் பெருத்தவன் ஜெயித்தான், அவ்வளவுதான்.

பாறைமேல் அமர்ந்து தீர்ப்புச் சொன்னவர் உடும்பார். நல்ல மனசு, பிடிதான் போதாது. கடைசியாகப் பேசியவர் பக்கமே தலை சாய்ந்துவிடும்.

ஒரு மழைக்காலத்தில் மஞ்சமூக்கி என்ற மைனா இலுப்பை மரப் பொந்தில் அடைகாத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பொந்தின்மேல் கோட்டானுக்குக் கண்.

"விடியறதுக்குள்ள காலி பண்ணு. இல்லேன்னா முட்டையெல்லாம் கீழே உருளும்" என்று மிரட்டிவிட்டுப் போனான்.

மைனாவுக்கு உயிரே போய்விட்டது. முட்டைகளைத் தூக்கிக்கொண்டு எங்கே போவாள்? கணவனை அடையில் உட்காரவைத்துவிட்டு, அழுதுகொண்டே பாறைக்குப் பறந்தாள். கோட்டானும் பின்னாலேயே வந்தான். வேடிக்கை பார்க்கக் காடே கூடிவிட்டது.

"ஐயா, போன மழையில குரங்கு வந்து இந்தக் கோட்டானோட முட்டை இருந்த பொந்தைக் கேட்டுச்சே, அப்ப என்ன சொன்னீங்க?" என்று மைனா கேட்டாள்.

உடும்பார் யோசித்தார். "முட்டை இருக்கிற பொந்து முட்டைக்காரருக்கேன்னு சொன்னேன்."

கோட்டான் குறுக்கே பாய்ந்தான். "அது என் தகராறு, அன்னைக்கே தீர்ந்துபோச்சு! அப்ப வந்தது குரங்கு. இப்ப வந்திருக்கிறது நான். ரெண்டும் ஒண்ணா?"

உடும்பாரின் தலை அவன் பக்கம் சாயத் தொடங்கியது. மைனா தத்தித் தத்தி அவர் முன்னால் வந்தாள்.

"ஐயா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அன்னைக்குப் பொந்தைக் கொடுத்தது கோட்டான் மூஞ்சிக்காகவா, முட்டைக்காகவா?"

"முட்டைக்காகத்தாம்மா."

"என் முட்டையும் முட்டைதானே! அவருக்கு வழங்கின தீர்ப்பு எனக்கும் வழங்கணும், நாளைக்கு வர்றவங்களுக்கும் வழங்கணும். நான் தகராறு பண்ண வரலை ஐயா. வழக்கைக் கேட்டு வந்திருக்கேன்."

உடும்பாரின் சாய்ந்த தலை மெல்ல நிமிர்ந்தது.

"சொன்னது சொன்னதுதான். பொந்து மைனாவுக்கே!"

"மாத்திச் சொல்லும்!" என்று கோட்டான் பாய்ந்து உடும்பாரின் வாலைப் பற்றி இழுத்தான். உடும்பார் நகங்களைப் பாறை இடுக்கில் பதித்துக்கொண்டார். கோட்டான் இழுத்த இழுப்பில் புல்லும் மண்ணும் பறந்தன. அவர் மட்டும் அசையவில்லை. கடைசியில் வால் நழுவி, கோட்டான் எல்லோர் முன்னாலும் மல்லாந்து விழுந்தான். காடே கொக்கரித்தது. மைனா பாட்டுப் பாடிக்கொண்டே பொந்துக்குப் பறந்தாள்.

குஞ்சுகள் பொரிந்ததும் முதலில் பார்க்க வந்தது, போன மழையில் தோற்றுப்போன அதே குரங்கு. "கோட்டானுக்காக என்னைத் தோக்கடிச்சாங்கன்னு கருவிக்கிட்டிருந்தேன். முட்டைக்காகத்தான்னு இப்பதான் தெரியுது" என்று சொல்லி, ஒரு பழத்தை வைத்துவிட்டுப் போனது.

அன்று முதல்தான் உடும்பு பிடித்த பிடியை விடுவதில்லை. அன்று முதல்தான், ஊரில் வழங்கி வருவதற்கும் நீதி கேட்டுப் படியேறுவதற்கும் தமிழில் ஒரே சொல்: வழக்கு.