கழலாத இருக்கை

மில் முதலாளி சென்னியப்பன் பாகங்களை வரவழைத்து, தன் கொட்டகையிலேயே குட்டி விமானம் ஒன்றைக் கட்டினார். அதில் இருக்கைகளை மாட்டிய மில் தொழிலாளி மாகாளிக்கு ஒருமுறை பறக்க ஆசை.

"எல்லாம் நானே மாட்டினது. நீ தள்ளி நில்லுடா" என்று, விமானத்தைப் பார்க்க வந்த விருந்தினர் முன்னால் அவனை விரட்டினார் முதலாளி.

ஓட்டிப் பார்க்க வந்த விமானி, "மாட்டினவர்தான் என்கூட வரணும். முதல்ல இருக்கையைக் கழட்டுங்க, அடியில பார்க்கணும்" என்றார்.

முதலாளி இழுத்தார், குலுக்கினார், வியர்த்தார். இருக்கை அசையவில்லை.

மாகாளி பணிவாகச் சொன்னான்: "முதலாளி எவ்வளவு கெட்டியா மாட்டியிருக்காரு பாருங்க! அவராலயே கழட்ட முடியலீங்க."

கூட்டம் சிரித்தது. மாகாளி இருக்கையை முன்னே தள்ளி, பின்னால் மறைந்திருந்த இரண்டு ஆணிகளை உருவினான். இருக்கை கையோடு வந்தது.

முதலாளி, பறப்பதற்காகத் தான் மாட்டியிருந்த ஹெட்போனைக் கழற்றி மாகாளியிடம் நீட்டினார்.

"மாட்டினவன் நீதானே, ஏறிக்கப்பா."