கூரி வரைந்த குளம்

காட்டுக் குளத்துக்கு மேலே ஒரு பாறை இருந்தது. கூரி என்ற முள்ளம்பன்றி தினமும் காலையில் அங்கே உட்கார்ந்து படம் வரையும்.

தன் முதுகிலிருந்து உதிர்ந்த முள்தான் அதற்குப் பேனா. கடுக்காயை இடித்துக் காய்ச்சி மை வைத்திருந்தது. புரசம்பூவைப் பிழிந்து செம்மஞ்சள், அவுரி இலையிலிருந்து நீலம். காய்ந்த பாக்குமட்டையில் முதலில் மையால் கோடு இழுக்கும். பிறகு வண்ணத்தைத் தண்ணீரில் கரைத்து மெல்லப் பூசும்.

குளத்தைச் சுற்றிக் கோரை ஆளுயரம் வளர்ந்திருந்தது. கீழே வரும் விலங்குகளுக்குத் தண்ணீர் கண்ணில் படாது. அதனால் மான்கள் பாறையடியில் நின்று, "கூரியக்கா, இன்றைக்குக் குளம் எப்படி இருக்கிறது?" என்று கேட்கும். கூரி படத்தைத் தூக்கிக் காட்டும். அதைப் பார்த்துவிட்டுத்தான் மான்கள் குளத்தில் இறங்கும்.

பெருமழை ஓய்ந்த ஒரு காலை. கிழக்குக் கரையோரத் தண்ணீரில் சொரசொரப்பாக ஏதோ நீண்டு கிடந்தது. முன்பக்கம் இரண்டு புடைப்புகள். என்னவென்று கூரிக்குத் தெரியவில்லை. ஆனாலும் கண்டபடியே வரைந்தது.

அந்த வழியாக வந்த மயில் எட்டிப் பார்த்தது. "சீச்சீ! இந்த அழுகிய கட்டை எதற்கு? படமே கெட்டுப்போயிற்று! அந்த இடத்தில் நாலு தாமரையைப் போடேன்!"

"அங்கே தாமரை இல்லையே!"

"இல்லாவிட்டால் என்ன? அழகாக இருந்தால் போதாதா?"

கூரி இன்னொரு மட்டையை எடுத்தது. கட்டை போயிற்று, தாமரை வந்தது. "அடடா! இதுவல்லவா படம்!" என்று மயில் தோகையை விரித்து ஆடியது. குரங்குகள் கைதட்டின. கூரிக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. அதுவரை யாரும் அதற்குக் கைதட்டியதில்லை.

மறுநாள் கூரி குளத்தின் பக்கம் திரும்பவே இல்லை. நிழலில் சாய்ந்துகொண்டு இன்னும் நிறையத் தாமரைகளை வரைந்தது.

கொம்பி என்ற பெண்மான் தன் குட்டியோடு வந்தது. படத்தைப் பார்த்தது. "எவ்வளவு பூ! வாடா கண்ணு, கிழக்குக் கரைக்கே போவோம்" என்று கோரைக்குள் நுழைந்தது.

சற்று நேரத்தில் 'சளார்' என்று ஒரு சத்தம். குட்டியின் அலறல் கேட்டது. கூரி பதறி எழுந்து பார்த்தது. சேற்றைக் கலக்கிக்கொண்டு ஒரு முதலை! குட்டி எப்படியோ காலை உருவிக்கொண்டு கரையேறியது. தொடையிலிருந்து ரத்தம் வழிந்தது.

கொம்பி திட்டவில்லை. குட்டியின் காயத்தை நக்கியபடியே, "மேலேதானே இருந்தாய் அக்கா? உன் கண்ணில் படவில்லையா?" என்று மட்டும் கேட்டது.

கூரி நேற்று ஒதுக்கி வைத்த முதல் மட்டையைத் திரும்பிப் பார்த்தது. பட்டது. நேற்றே பட்டது. அன்று முழுக்கக் கூரி எதுவும் தின்னவில்லை.

அடுத்த நாள் விடிந்ததும் கூரி பாறையின் விளிம்புக்கே போய் உட்கார்ந்தது. முதலையை முதுகுச் செதில் ஒவ்வொன்றாக வரைந்தது.

தண்ணீரிலிருந்து முதலை தலையைத் தூக்கியது. "ஏய்! என்னை எதற்கு வரைகிறாய்?"

"நீ அங்கே இருக்கிறாய். வரைகிறேன்."

"நான் கோரமாக இருக்கிறேனே! என்னை விட்டுவிடு. பழையபடி தாமரை போடு. எல்லோரும் உன்னைக் கொண்டாடுவார்கள்!"

"கொண்டாடினார்கள். ஒரு குட்டி நொண்டுகிறது" என்றது கூரி. பேனாவை அழுத்தி முதலையின் பல்லையும் வரைந்து முடித்தது.

மயில் படத்தைப் பார்த்து முகத்தைச் சுளித்துக்கொண்டு போய்விட்டது. குரங்குகள் கைதட்டவில்லை. ஆனால் மான்கள் படத்தின் முன் வெகுநேரம் நின்றன. பிறகு மேற்குக் கரையில் இறங்கி, வயிறு நிறையத் தண்ணீர் குடித்தன. முதலை எந்தப் பக்கம் நகர்ந்தாலும் மறுநாள் படத்தில் அது அங்கேயே இருந்தது. எட்டு நாள் பட்டினி கிடந்த முதலை, ஒன்பதாம் நாள் வாய்க்கால் வழியே ஆற்றுக்கே போய்விட்டது.

பாராட்டுக்கு ஆசைப்பட்டு உண்மையை மறைப்பவர், தம்மை நம்பியவர்களை ஆபத்தில் தள்ளிவிடுகிறார்.