குருவின் முறுக்கும் கோமதிநாயகத்தின் ஆம்ப்ளிஃபயரும்

"குருவே, எந்த ஆம்ப்ளிஃபயரை வாங்கட்டும்?" என்று கேட்டார் கோமதிநாயகம்.

குரு முறுக்கைக் கடித்தார்.

கோமதிநாயகம் காத்திருந்தார். குரு இன்னொரு முறுக்கை எடுத்து அதையும் கடித்தார்.

சீடருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. போத்தனூரில் ரயில்வே டிக்கெட் பரிசோதகர். குருவுக்கு முப்பதுகூட ஆகவில்லை. பெயர் டெல்ஃபின். கல்யாண வரவேற்புகளில் கிட்டார் வாசிக்கிற பெண். மாவு மில்லுக்கு மேலே மொட்டைமாடி அறையில் குடியிருந்துகொண்டு நாலைந்து பேருக்குச் சொல்லியும் கொடுத்தாள்.

குருவே என்று கூப்பிட வேண்டாம், கீழே மில்லில் சிரிக்கிறார்கள் என்று அவள் பலமுறை கெஞ்சியாயிற்று. கோமதிநாயகம் கேட்பதாக இல்லை. குரு என்று ஒருவரை வைத்துக்கொண்டால்தான் வித்தை வரும் என்பது அவர் கட்சி. அவருக்காக நாமும் குரு என்றே வைத்துக்கொள்வோம்.

வைத்துக்கொண்டதில் ஒரு தொல்லை. குரு எதைச் செய்தாலும் அதற்குள் ஒரு பதில் ஒளிந்திருக்கிறது என்று சீடர் நம்பினார்.

படி இறங்கும்போதே முறுக்கை யோசித்தார். மொறுமொறு. ஓகோ, சத்தம் மொறுமொறுவென்று வர வேண்டும் என்கிறார் குரு.

அப்படியே பஸ் ஏறி டவுன்ஹால் பக்கம் இருந்த பஷீர் பாயின் இசைக்கருவிக் கடைக்குப் போனார். இருப்பதிலேயே மொறுமொறுப்பான ஆம்ப்ளிஃபயர் பெட்டியைப் போடச் சொல்லி, கிட்டாரை மாட்டி ஓங்கி ஒரு இழு இழுத்தார். எதிர்க்கடையில் அடுக்கியிருந்த எவர்சில்வர் குடங்கள் ஒவ்வொன்றாக இறங்கி, இரண்டு பக்கமும் பார்த்து ரோட்டைக் கடந்து போனதாகச் சொல்கிறார்கள். நேரில் பார்த்தவர்கள் சொன்னால் நம்பித்தானே ஆக வேண்டும்.

அடுத்த வாரம் மறுபடியும் கேட்டார். குரு மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார்.

காற்றோட்டம்! பின்பக்கம் திறந்த பெட்டியாகப் பார்க்கச் சொல்கிறார். மறுபடியும் பஸ். மறுபடியும் பஷீர் பாய்.

மூன்றாம் முறை குரு பெருமூச்சு விட்டார். எழுந்து வந்து சீடருடைய கிட்டாரிலிருந்து ஒயரைப் பிடுங்கினார்.

"பிளக் போடாம வாசிங்கண்ணா. கொஞ்ச நாளைக்கு."

இது ஒன்றுதான் கோமதிநாயகத்துக்குப் பிடிபடாத புதிர். சரி, குரு வாக்கு என்று ஒருநாள் முயன்று பார்த்தார். எலெக்ட்ரிக் கிட்டாருக்குப் பிளக் இல்லாவிட்டால் என்ன சத்தம் வரும்? பக்கத்து வீட்டில் யாரோ பல் தேய்ப்பது மாதிரி கேட்டது. போதாக்குறைக்கு அறைக்குள் ஒரு கொசு. பாட்டில் ஒரு குறிப்பிட்ட இடம் வந்தால் போதும், ங்ர்ர் என்று காதோரம் பறக்கும். கொசுவர்த்தி கொளுத்தினார். போகவில்லை. ரயில்வே குவார்ட்டர்ஸ் கொசு, அதுவும் இலவசப் பாஸில் வந்திருக்கும் என்று திட்டிவிட்டுக் கிட்டாரை உறையில் போட்டார்.

இவ்வளவு அவசரம் எதற்கு என்றால், மகளுக்கு.

பூங்கோதைக்கு வளைகாப்பு வருகிறது. அவள் கைக்குழந்தையாக இருந்தபோது தொட்டிலை ஆட்டிக்கொண்டு கோமதிநாயகம் தாமாகவே ஒரு மெட்டுக் கட்டியிருந்தார். அதைச் சபையில் கிட்டாரில் வாசிக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஐம்பது வயதில் கிட்டாரைத் தூக்கியதே அதற்குத்தான்.

மகளுக்கோ பயம். காரணம், நிச்சயதார்த்தம். அன்றைக்கு அவர் வாடகைக்கு எடுத்து வந்த பெட்டி பீரோ உயரம். முதல் தட்டிலேயே மண்டபத்துக் காக்கைகள் பறந்துபோய்ப் பாலக்காட்டில் உட்கார்ந்தன. மாப்பிள்ளையின் பெரியப்பா, பல வருஷமாகக் காது கேளாதவர், யாருப்பா அது என்று கேட்டார். மோதிரம் மாற்றும்போது யார் என்ன பேசினார்கள் என்பது யாருக்கும் கேட்கவில்லை. பூங்கோதை அதற்கப்புறம் வெகுநாள் அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இப்போது மனம் இரங்கியிருந்தாள். ஆனால் ஒன்று சொல்லியிருந்தாள்.

"வாசிங்கப்பா. எனக்கு வளையல் போடுற சத்தம் எனக்குக் கேட்கணும். கேட்கலைன்னா எல்லார் முன்னாலயும் நிறுத்தச் சொல்லிடுவேன். அப்புறம் வருத்தப்படக் கூடாது."

மனைவி செண்பகவல்லியின் நிபந்தனைகள் வேறு. பெட்டி கேஸ் சிலிண்டரை விட உயரமாக இருக்கக் கூடாது. மிக்ஸியை விடக் கத்தக் கூடாது. மாதக் குடும்பச் செலவில் கை வைக்கிற விலையாக இருக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, கீழ்வீட்டுக்காரர் எழுந்துவிடக் கூடாது. அவர் லோகோ பைலட். இரவெல்லாம் ரயில் ஓட்டிவிட்டுப் பகலில் தூங்குகிறவர். அவர் தூக்கத்தைக் கெடுத்துவிட்டு அடுத்த வண்டியில் யார் ஏறுவது?

வளைகாப்புக்கு நாள் நெருங்கியது. கோமதிநாயகம் மூச்சு வாங்க மாவு மில் படி ஏறினார். உட்காரக்கூட இல்லை.

கேட்டால் முறுக்குத் தின்பதும் விசிறியைப் பார்ப்பதுமாக இருந்தால் சாமானிய மனிதன் என்ன செய்வான் என்று பொரிந்து தள்ளினார். பஸ்ஸில் போய்வந்தே தேய்ந்துவிட்டேன், பஷீர் பாய் என்னைக் கண்டாலே நெஞ்சைப் பிடிக்கிறார், வீட்டுக்கும் சின்ன மேடைக்கும் சேர்த்து ஒரே ஒரு பெட்டி, அதன் பெயரை வாய்திறந்து சொன்னால் முத்தா உதிர்ந்துவிடும் என்று கேட்டார்.

"அண்ணா," என்றார் குரு. "பசிச்சுது, தின்னேன். ஃபேன் கீச்சுகீச்சுன்னு கத்துச்சு, பார்த்தேன். அவ்வளவுதான்."

கோமதிநாயகம் கண்களை மூடிக் கைகூப்பினார். "எவ்வளவு பெரிய விஷயத்தை எவ்வளவு எளிமையா…"

குரு மேஜைமீது தலையைக் கவிழ்த்துக்கொண்டார். கீழே மில் ஒரு படி அரிசியை அரைத்து முடிக்கும்வரை நிமிரவில்லை.

நிமிர்ந்ததும் ஒன்றுதான் கேட்டார். வளைகாப்பைப் பற்றி மகள் என்ன சொன்னாள்?

சொன்னார்.

"கண்ணாடி வளையலா?"

"ஆமா, பச்சையும் சிவப்புமா."

குரு கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். பஷீர் பாய் கடைக்குப் போகிற வழியில் ஃபேன்ஸி ஸ்டோரில் நின்று வலதுகை நிறையக் கண்ணாடி வளையல் போட்டுக்கொண்டார். கோமதிநாயகம் காரணம் கேட்கவில்லை. அர்த்தம் இருக்கும்.

இவர்கள் வருவதைப் பார்த்ததுமே எதிர்ப்பாத்திரக்கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கினார்.

குரு ஒரு நாற்காலியை இழுத்துக் கடையின் மறுகோடியில் போட்டு உட்கார்ந்தார். தாலாட்டை வாசிக்கச் சொன்னார். கோமதிநாயகம் தமக்குப் பிடித்த பெரிய பெட்டியில் ஆரம்பித்தார். குரு கையைத் தூக்கி வளையலை ஆட்டினார். கேட்கவில்லை. குறைக்கச் சொல்லிச் சைகை காட்டினார். குறைத்தார். வளையல் கேட்டது, ஆனால் பெட்டி தலையணைக்குள் முகத்தை வைத்துப் பேசுகிற மாதிரி முனகியது. கத்தப் பிறந்தது அது, கொஞ்சத் தெரியாது.

அடுத்தது பழைய ரேடியோ மாதிரி வால்வு வைத்த பெட்டி. தேன் மாதிரி சத்தம். கோமதிநாயகம் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்து, கும்பிட்டுவிட்டு நகர்ந்தார்.

அதற்கடுத்தது சாப்பாட்டு டப்பா அளவில் ஒன்று. லோகோ பைலட்டுக்கு ஏற்றது. ஆனால் குரு வாசலுக்குப் போய் நின்றதும் ஒரு டவுன்பஸ் கடந்தது, பாட்டு அதோடு போய்விட்டது. வளைகாப்பில் பெண்கள் பேச ஆரம்பித்தால் டவுன்பஸ் எம்மாத்திரம்?

கடைசியாகப் பஷீர் பாய் ஒரு நடுத்தரப் பெட்டியைக் கொண்டு வந்தார். இருபது வாட். ஒரு கையில் தூக்கலாம். சிலிண்டரை விடக் குள்ளம். முதுகில் ஹெட்ஃபோன் மாட்ட ஓட்டை. விலையும் செண்பகவல்லி முகம் சுளிக்காத விலை.

சத்தக் குமிழைக் கொஞ்சம் திருகி வாசித்தார். குரு கையை ஆட்டினார். கலகலவென்று கேட்டது. வாசலில் போய் நின்றார். பாட்டும் கேட்டது.

பஷீர் பாய் அல்லாவுக்கு நன்றி சொல்லிவிட்டு அட்டைப்பெட்டி எடுக்கப் போனார்.

"இருங்க பாய்," என்றார் கோமதிநாயகம். "இதுல ஒரு பழுது இருக்கு."

வாசித்துக் காட்டினார். தாலாட்டு மேலே ஏறுகிற இடத்தில் எஃப் கார்டு என்று ஒரு சுரக்கூட்டு வரும். ஆள்காட்டி விரலைக் குறுக்கே படுக்கப்போட்டு ஆறு கம்பியையும் சேர்த்து அமுக்க வேண்டும். சரியாக அந்த இடத்தில், ங்ர்ர்.

பஷீர் பாய் அதே வகையில் வேறொன்று கொண்டு வந்தார். ங்ர்ர். வேறு கம்பெனிப் பெட்டி. ங்ர்ர். முனகிய பெரிய பெட்டியிலேயே சத்தத்தைக் குறைத்து வைத்து வாசித்தார். அதிலும் ங்ர்ர். கும்பிட்டு நகர்ந்த வால்வுப் பெட்டியையும் விடவில்லை. தேனுக்குள் ங்ர்ர்.

கோமதிநாயகத்துக்குப் பொறுமை போய்விட்டது.

"இந்த ஊர்ல ஒரு நல்ல ஆம்ப்ளிஃபயர் கிடையாதா? எதை எடுத்தாலும் அதே இடத்துல அதே கொசு."

பஷீர் பாய் ஏற்கெனவே சுத்தமாக இருந்த மேஜையைத் துடைக்க ஆரம்பித்தார். குரு வளையல் கையால் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு எழுந்து வந்து கிட்டாரிலிருந்து ஒயரைப் பிடுங்கினார்.

"இப்ப வாசிங்கண்ணா."

வாசித்தார்.

ங்ர்ர்.

கம்பியை முழுசாக அமுக்காத தம் ஆள்காட்டி விரலைக் கோமதிநாயகம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டிக்கெட் இல்லாத ஆளைப் பிடிப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர் அவர். வீட்டில் கொசுவர்த்தி கொளுத்தியது ஞாபகத்துக்கு வந்தது.

"இருபது வாட்டையே கட்டிடுங்க பாய்," என்றார்.

அந்தப் பெட்டி வளைகாப்பு நாள் வரைக்கும் அட்டையைவிட்டு வெளியே வரவில்லை; பிளக் இல்லாத கிட்டார் மட்டும் தினமும் உறையைவிட்டு வந்தது. கீழ்வீட்டு லோகோ பைலட் செண்பகவல்லியை மாடிப்படியில் பார்த்து, சார் ஊரில் இல்லையா என்று விசாரித்தார்.

வளைகாப்பன்று பூங்கோதையை மனையில் உட்காரவைத்துச் சந்தனம் பூசினார்கள். அப்பா மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். காலடியில் பெட்டி. மகள் ஒருமுறை பெட்டியைப் பார்த்தாள், ஒருமுறை அப்பாவைப் பார்த்தாள். நிறுத்தச் சொல்வதற்கு வாயைத் தயாராக வைத்திருந்தாள்.

முதல் அத்தை வளையலை எடுத்தாள். கோமதிநாயகம் தொட்டில் பாட்டை எடுத்தார்.

ஒவ்வொருத்தியாக வந்து வளையல் ஏற்றினார்கள். கலகல. பாட்டு மேலே ஏறும் இடம் வந்தது. கோமதிநாயகம் விரலைப் படுக்கப்போட்டு அமுக்கினார். ஆறு கம்பியும் ஒருசேரப் பேசின. கலகல.

பூங்கோதை திரும்பாமலே சொன்னாள்.

"அப்பா, கொஞ்சம் சத்தமா வைங்க."

கோமதிநாயகத்தின் கை குமிழுக்குப் போய் நின்றது. வழக்கம்போலக் கூட்டத்தில் குருவைத் தேடிப் பார்த்தார்.

குரு பலகாரத் தட்டிலிருந்து ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தார்.

அது வெறும் முறுக்கு.

கோமதிநாயகம் குமிழை ஒரு மயிரிழை திருகினார்.