வலது ஓரத்தில் எவ்வளவு இடம்

கற்றுக்கொள்ள வந்த நல்லசிவத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. கற்றுக்கொடுத்த சலோமிக்கு முப்பது. லாரி ஓட்டி முதுகு போனபிறகு அவளுடைய போட்டோ ஸ்டுடியோவுக்குத் தொழில் பழக வந்தவர் அவர். அவளை மாஸ்டர் என்பார். அவள் அவரை அண்ணே என்பாள்.

அன்று காலையிலிருந்தே அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்வார். எழுந்து ஜன்னலுக்குப் போவார். திரும்ப வந்து உட்கார்வார். வெள்ளிக்கிழமை அவருடைய புது வீட்டில் பால் காய்ச்சுகிறார்கள். கூடத்தில் மாட்டக் குடும்பப் படம் வேண்டும்.

படம் இருந்தது. போன வருஷம் சலோமியே எடுத்தது. மகன், அவர், மனைவி பரிமளம், வலது ஓரத்தில் மகள் சுகந்தி. தை மாதம் சுகந்தி தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். இனி அவள் முகம் என் வீட்டுச் சுவரில் இருக்கக் கூடாது என்று நல்லசிவம் சொல்லிவிட்டார். பரிமளம் எதிர்த்துப் பேசவில்லை. மூணு பேராக நிற்கிற படத்தை வீட்டில் மாட்டக் கூடாது என்று மட்டும் சொன்னாள்.

அதற்கென்ன என்று மகளை வெட்டி எடுத்துவிட்டு, இடது பக்கம் ஒரு பூந்தொட்டியைக் கொண்டுவந்து வைத்து நாலாக்கினார்.

படம் சரியாக வரவில்லை. கோளாறு எங்கே என்றும் பிடிபடவில்லை. தொட்டியைப் பெரிசாக்கினார், சின்னதாக்கினார். வெளிச்சத்தைக் கூட்டினார். இடப்பக்கச் சுவரை நீட்டினார். எதைச் செய்தாலும் பார்த்ததும் நெஞ்சுக்குள் ஒரு அவதி.

பாஸ்போர்ட் படத்துக்கு வந்தவரை அனுப்பிவிட்டு சலோமி வந்து நின்றாள்.

“அளவாத்தான் வெட்டியிருக்கேன் மாஸ்டர். அப்புறம் ஏன் பாக்கவே முடியலை?”

அவள் திரையைப் பார்த்தாள்.

“இந்தத் தொட்டி உங்களுக்கு என்ன முறை வேணும் அண்ணே?”

அவர் சிரிக்கவில்லை.

உள்ளறைக் கதவைச் சாத்தி, அதற்கு ஒரு சாண் தள்ளி, கதவைப் பார்த்து நிற்கச் சொன்னாள். திரும்பக் கூடாது என்றாள். பள்ளிக்கூடத்துத் தண்டனையா இது என்று முனகிக்கொண்டே நின்றார். கொஞ்ச நேரம் ஆனது. கால் மாற்றி நின்றார். கழுத்து வேர்த்தது. கதவு இன்னும் கிட்டே வந்துவிட்ட மாதிரி இருந்தது.

“என்ன தெரியுது?” என்றாள்.

“என்னத்தத் தெரியும். மூச்சு முட்டுது.”

“அண்ணியும் அப்படித்தானே நிக்கிறாங்க.”

வந்து திரையைப் பார்த்தார். மகனும் அவரும் கேமராவைப் பார்த்து நின்றார்கள். பரிமளம் மட்டும் வலப்பக்கம் முகத்தைத் திருப்பிப் பாதிச் சிரிப்பில் இருந்தாள். நேரே பார் என்று அன்றைக்கு அவர் இரண்டு தடவை அதட்டியும், அவள் மகள் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இப்போது அவள் மூக்கு நுனியோடு படம் முடிந்திருந்தது.

நல்லசிவம் உட்கார்ந்தார். தொட்டியை அழித்தார். மகளைத் திரும்ப வைக்கமாட்டேன், வெறும் சுவரைத்தான் நீட்டுவேன் என்றார்.

வலப்பக்கம் சுவர் ஒரு விரல் அகலம் நீண்டது. இன்னும் முட்டியது. இரண்டு விரல். நாலு விரல். பரிமளத்தின் சிரிப்பு கொஞ்சம் இளகின மாதிரி தெரிந்தது. அவர் கை நின்றுவிட்டது.

“எவ்வளவு இடம் விடணும் மாஸ்டர்?”

படியேறி யாரோ வரும் சத்தம் கேட்டது. சலோமி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னாள்.

“ஒரு ஆள் வந்து நிக்கிற அளவுக்கு விடுங்கண்ணே.”